உடுக்கையின் கை: அனலாக் சிந்தசைசரில் ஒலி வடிக்கப் பழகிய பதிவு

மின்சுற்றுகளைக் கொண்டு ஓசையெழுப்பும் அனலாக் சிந்தசைசரில் ஒலியை உருவாக்கக் கற்பிக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. முதலில் அலைவடிவங்கள், அடுத்து ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர், அதன்பின் ஒலி எழுந்து தேயும் விதத்தை வரையறுக்கும் என்வலப், கடைசியில் ஒலியைச் சீராக ஏற்றி இறக்கும் மெதுவான அலையான எல்எஃப்ஓ என்று அவை படிப்படியாகச் செல்லும். அந்த வழியில் போனால் கனமான பேஸ் ஒலியொன்றும் கூர்மையான லீட் ஒலியொன்றும் விரைவிலேயே கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அவை சரியாக வந்திருக்கின்றனவா என்று தீர்மானிக்க என்னிடம் எந்த அளவுகோலும் இருக்கவில்லை. கேட்டுப் பழகாத ஒலி எப்படி வந்தாலும் சரியென்றே தோன்றும். ஆகவே நான் பாடத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தருமபுரி வட்டாரத்தில் வளர்ந்தவன் கண்ணை மூடிக்கொண்டும் அடையாளம் சொல்லக்கூடிய சில ஒலிகளை, அதாவது ஒகேனக்கல் அருவியின் இரைச்சல், உடுக்கை, தெருக்கூத்தின் முகவீணை, கோயில் சேகண்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைக் கருவியில் வடிக்க முயல்வதையே பயிற்சியாக வைத்தேன். அசல் ஒலி நன்றாகத் தெரிந்திருப்பதால், எது பொருந்தவில்லை என்பதைக் காது உடனே சொல்லிவிடுகிறது. எந்தக் குமிழைத் தொட வேண்டும் என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

நான் வைத்திருப்பது கோர்க் மோனோலாக். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும் ஒற்றைக்குரல் கருவி அது. அலையைப் பிறப்பிக்கும் இரண்டு ஆஸிலேட்டர்கள், தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஒரு என்வலப், ஒரு எல்எஃப்ஓ, சுரங்களை வரிசையாகச் சேமித்துத் தானே வாசிக்கும் பதினாறு படிகள் கொண்ட சீக்வென்சர், இருபத்தைந்து சிறிய விசைகள், வெளிவரும் அலையை அப்படியே வரைந்து காட்டும் ஒரு சிறு திரை ஆகியவை அதில் உள்ளன. என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்), டிகே (தேயும் நேரம்) என்ற இரண்டு கட்டுப்பாடுகள் மட்டுமே உண்டு. அதனை, ஃபில்டர் வெட்டத் தொடங்கும் எல்லையான கட்-ஆஃபுக்கோ, இரண்டாம் ஆஸிலேட்டரின் சுருதிக்கோ, இரண்டு ஆஸிலேட்டர்களின் சுருதிக்குமோ அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப இயலாது. வாங்கும்போது இது ஒரு குறை என்று பலர் சொன்னார்கள். கற்பவனுக்கு இது குறையே அல்ல என்பது என் கருத்து. ஒலியின் எந்தக் கூறு உண்மையில் அசைகிறது என்று முடிவு செய்யாமல் இந்தக் கருவியில் ஓர் அடி கூட எடுத்துவைக்க முடியாது.

அனலாக் சிந்தசைசரின் அடிப்படைக் கருத்து எளிமையானது. சுருதி, நிறம், அளவு ஆகிய அனைத்தும் மின்னழுத்தத்தால் ஆளப்படுகின்றன. 1964-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து உருவாக்கிய முன்மாதிரியிலிருந்து இந்த மரபு தொடர்கிறது. ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்ற கணக்கு அக்கருவிகளின் வழியாகவே நிலைபெற்றது. நம் நாட்டிலும் இது நேற்று வந்த பொருளன்று. 1969-இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் கருவியை நிறுவி மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அக்காலக் கருவிகளில் எந்த மின்னழுத்தம் எங்கே போக வேண்டும் என்பதை வாசிப்பவரே கம்பி போட்டு இணைக்க வேண்டும். என் கருவியில் அந்தக் கம்பிகள் உள்ளேயே போடப்பட்டிருக்கின்றன. எனக்கு எஞ்சியிருப்பவை ஒரு சில சுவிட்சுகள் மட்டுமே.

ஒலியைப் பற்றிப் பேசுமுன் இரைச்சலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு பழைய வீடு; எர்த் இணைப்பு எல்லாப் பிளக்குகளிலும் ஒழுங்காக இல்லை. அடாப்டரில் கருவியையும் சார்ஜரில் மடிக்கணினியையும் மாட்டி, இரண்டையும் ஆடியோ கம்பியால் இணைத்தவுடன் அடியில் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50-இலும் அதன் மடங்கான 100-இலும் ஒலிக்கிறது. 100 ஹெர்ட்ஸ் என்பது தாழ்ந்த ஐந்து கட்டை ஷட்ஜத்துக்கு, அதாவது 98 ஹெர்ட்ஸுக்கு, மிக அருகில் இருப்பதால் அந்தச் சுரத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒலி அலைவுபடுவதாகத் தோன்றும். ஆஸிலேட்டர் நகர்கிறதோ என்று ஐயப்படுமுன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மோனோலாக் ஆறு பென்சில் பேட்டரிகளில் இயங்கும். திரும்பச் சார்ஜ் செய்யத்தக்க பேட்டரிகளைப் போட்டு, மடிக்கணினியையும் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டால் ரீங்காரம் முற்றிலும் ஒழிந்துவிடுகிறது. மின்தடை நேரத்திலும் வேலை நிற்பதில்லை.

ஒவ்வொரு ஒலிக்கும் நான் பின்பற்றும் முறை இதுதான். கைபேசியில் அசல் ஒலியைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துக் கேட்கிறேன். அப்படிச் செய்யும்போது சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கிவிடும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும் ஒரு தட்டு, தொடக்கம், நடு, முடிவு என்று பிரித்துக் கேட்கும் அளவுக்கு நீண்டுவிடும். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கோடுகள் வரைகிறேன்: சுருதி எப்படி ஏறி இறங்குகிறது, பிரகாசம் எப்படி மாறுகிறது, அளவு எப்படித் தேய்கிறது. அந்த மூன்று கோடுகளும் முடியும்வரை கருவியின் சுவிட்சைப் போடுவதில்லை என்பதை ஒரு கட்டுப்பாடாக வைத்திருக்கிறேன்.

அருவியிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் ஆஸிலேட்டரை நாய்ஸ் நிலைக்குத் திருப்பி, முதல் ஆஸிலேட்டரின் அளவைப் பூஜ்யமாக்கினால் மூலப்பொருள் தயார். எல்லா அதிர்வெண்களும் கலந்த அந்தச் சீறலை ஃபில்டரால் செதுக்க வேண்டும். இந்த ஃபில்டர் ஸ்தாயிக்கு 12 டெசிபெல் என்ற சரிவில் வெட்டுகிறது. அதாவது கட்-ஆஃபுக்கு மேலே அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியின் வீச்சு கால்பங்காகக் குறைகிறது. ஒகேனக்கல்லில் பரிசலில் அமர்ந்து அருவியை நெருங்கியவர்கள் கவனித்திருப்பார்கள்: தொலைவில் இருக்கும்போது தாழ்ந்த உறுமல் மட்டுமே கேட்கும், நெருங்க நெருங்கச் சாரலின் 'ஸ்' என்ற உயர்ந்த ஓசை அதன்மேல் ஏறிக்கொண்டே வரும். கட்-ஆஃப் குமிழை ஒன்பது மணி நிலையிலிருந்து இரண்டு மணி நிலைக்கு மெதுவாகத் திருப்பினால் அந்தப் பரிசல் பயணம் அப்படியே கேட்கிறது. கட்-ஆஃபை ஒட்டிய அதிர்வெண்களை மிகைப்படுத்தும் ரெசொனன்ஸைத் தொடவே கூடாது; சிறிது ஏற்றினாலும் குழாய்க்குள் காற்று ஊதுவது போலாகிவிடும்.

இதில் நான் முக்கியமாகக் கற்றது எல்எஃப்ஓவைப் பற்றியது. உயிரோட்டம் வேண்டும் என்று எண்ணி எல்எஃப்ஓவை மிக மெதுவாக வைத்துக் கட்-ஆஃபுக்கு இணைத்தவுடன் அருவி மறைந்து கடல் வந்துவிட்டது. மூலப்பொருளும் ஃபில்டரும் மாறவே இல்லை. காலத்தில் ஒரு சீரான ஏற்ற இறக்கம் சேர்ந்தது மட்டுமே வேறுபாடு. அருவிக்கு அலை கிடையாது. அது இடைவிடாமல் விழுகிறது. ஆகவே எல்எஃப்ஓவை நிறுத்திவிட்டு, கட்-ஆஃபைக் கையால் மிகச் சிறிய அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் அசைத்து, அந்த அசைவை, குமிழின் நகர்வுகளைச் சேமிக்கும் சீக்வென்சரின் மோஷன் பதிவில் ஏற்றினேன். ஒரு ஒலி இன்னது என்று நாம் அறிவது அதன் அலைவடிவத்தைக் காட்டிலும் அது காலத்தில் நடந்துகொள்ளும் முறையால்தான் என்பது எனக்கு இங்கேதான் தெளிவாயிற்று. அதன்பின் வந்த எல்லா வேலையும் இந்த ஒரு கண்டறிதலின் தொடர்ச்சியே.

உடுக்கைக்கு நான் செலவிட்ட காலம் மற்ற அனைத்துக்கும் செலவிட்டதைவிட அதிகம். பென்னாகரம் சாலையில் உள்ள எங்கள் ஊரில் என் பெரியப்பா உடுக்கை வாசிப்பவர். அம்மன் கோயில் திருவிழாக்களில் பம்பைக்காரர்களுடன் சேர்ந்து அவர் வாசிப்பதைக் கேட்டே வளர்ந்தேன். அவருடைய உடுக்கை நடுவில் இடுங்கிய மர உடலும் இருபுறம் மெல்லிய தோலும் கொண்டது; இரண்டு தோல்களையும் இழுத்துக் கட்டும் சரடு இடுப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கிறது. இடது கை இடுப்பைப் பிடித்திருக்கும், வலது கை விரல்கள் தட்டும். இடது கை சரட்டை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஆகவே உடுக்கையின் ஓசை ஒரு தட்டு மட்டுமன்று. தட்டிய பிறகு சுருதியை வளைப்பதுதான் அதன் பேச்சு.

முதலில் தோலின் ஓசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வட்டமான ஒரு தோல் தந்தியைப் போல அதிர்வதில்லை. தந்தியின் மேலோசைகள், அதாவது அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஓசைகள், அச்சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களாக அமையும். சீரான வட்டத் தோலின் மேலோசைகளோ 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற விகிதங்களில் அமைகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சை இடுவது இந்த ஒழுங்கின்மையைத் திருத்தி, மேலோசைகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்பதைச் சர் சி.வி. ராமனும் எஸ். குமாரும் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினர். உடுக்கையில் கரணை இல்லை; ஆகவே அதன் ஓசையில் தெளிவான சுரம் நிற்பதில்லை, சுருதியின் திசை மட்டுமே கேட்கிறது. இதை அறிந்துகொண்டது எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. இரண்டு ஆஸிலேட்டர்களையும் முக்கோண அலையில் வைத்து, இரண்டாவதை முதலாவதைவிட 806 சென்ட் (ஓர் அரைச்சுரம் நூறு சென்ட்) உயர்த்தினால் 1.59 என்ற அந்த விகிதம் கிடைத்துவிடும். எட்டு அரைச்சுரமும் அதற்குமேல் ஒரு சிறு துளியும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுருதிக் குமிழைத் திருப்பும்போது சென்ட் அளவு திரையில் தெரிவதால் இது கடினமன்று. இரண்டாவதன் அளவை முதலாவதில் பாதியாகக் குறைத்தேன். அதுவரை வெறும் மின்னோசையாக இருந்தது அந்தக் கணத்தில் தோலாக மாறியது.

முக்கோண அலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரம்ப அலையில் எல்லா மேலோசைகளும் வலுவாக இருப்பதால் தோலின் மென்மை கெட்டுவிடும். முக்கோண அலையில் ஒற்றைப்படை மேலோசைகள் மட்டுமே உண்டு, அவையும் மிக விரைவாகத் தேய்ந்துவிடுகின்றன. மூன்று மடங்கு அதிர்வெண்ணில் உள்ள மூன்றாவது மேலோசையின் வலு அடிப்படையின் ஒன்பதில் ஒரு பங்குதான். எஞ்சியதையும் ஃபில்டர் கழித்துவிடும். சைன் அலை கொடுக்காத கருவியில் சைனுக்கு நெருங்கிய பொருளைப் பெற இதுவே சிறந்த வழி.

அடுத்தது தேய்வு. என்வலப்பை அட்டாக்-டிகே வகைக்கு மாற்றினேன். இந்த வகையில் விசையை எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாலும் ஒலி எழுந்து தேய்ந்து போய்விடும். அட்டாக் முழுவதும் பூஜ்யம், டிகே பத்து மணி நிலைக்குச் சற்றுக் கீழே. அனலாக் என்வலப்புகளின் அடிப்படை, ஒரு கெப்பாசிட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிவதுதான். ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நூறு கிலோ ஓம் வழியாக வடிந்தால் பத்தில் ஒரு விநாடியில் அதன் மின்னழுத்தம் 37 விழுக்காடாகக் குறைந்திருக்கும்; அடுத்த பத்தில் ஒரு விநாடியில் எஞ்சியதில் 37 விழுக்காடு. தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேயும் இந்த வளைவு, தட்டப்பட்ட தோல் ஓய்ந்து அடங்கும் வளைவோடு ஒத்துப்போகிறது. தாளவாத்திய ஓசைகள் அனலாக் கருவியில் இயல்பாக அமைவதற்கு இது ஒரு காரணம்.

பிறகுதான் சுருதி வளைவு. என்வலப்பைச் சுருதிக்கு அனுப்பினால், அளவு தேயும் அதே வேகத்தில் சுருதியும் இறங்கும். அது நன்றாகவே ஒலித்தது, ஆனால் அது டிரம் மெஷினின் கிக் ஓசை, அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசின் ஓசை, உடுக்கை அல்ல. நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருந்த கோட்டைப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. உடுக்கையில் சுருதியின் அசைவு தட்டுடன் தொடங்குவதில்லை. தட்டு விழுந்து ஒரு கணம் கழித்தே இடது கை அழுத்துகிறது. ஆகவே சுருதியை என்வலப்பிலிருந்து விடுவித்து எல்எஃப்ஓவிடம் ஒப்படைத்தேன். மோனோலாக்கின் எல்எஃப்ஓவில், விசையை அழுத்தியதும் ஒரே ஒருமுறை ஓடி நின்றுவிடும் நிலை ஒன்று உண்டு. அந்த நிலையில் அது இரண்டாவது என்வலப்பாகவே பயன்படுகிறது. அதன் வேகத்தை டிகேயோடு பொருத்தமாகச் சரிசெய்ததும், தட்டும் வளைவும் வெவ்வேறு கைகளால் நிகழ்வது போன்ற ஓசை வந்தது. அந்த மாலை முழுவதும் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

கருவியையும் சிறு ஸ்பீக்கர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்று பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சீக்வென்சரில் ஒரு நடையை ஏற்றி ஓடவிட்டதும் அவர் கூர்ந்து கேட்டார்.

"தம்பி, தோல் சத்தம் சரியா இருக்குது. ஆனா கை தெரியலையே," என்றார்.

"கைன்னா எதைச் சொல்றீங்க, பெரியப்பா?"

"ஒரு தட்டு மாதிரி இன்னொரு தட்டு வரக் கூடாது, கண்ணு. இது எல்லாம் ஒரே தட்டா இருக்குது பாரு."

பிறகு தம்முடைய உடுக்கையை எடுத்து ஒரே நடையைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் வேறு இடத்தில் விழுந்தது. சில தட்டுகளில் சரட்டை அழுத்தவே இல்லை, சிலவற்றில் தட்டு விழுவதற்கு முன்பே அழுத்தித் தோலை இறுக்கி வைத்துக்கொண்டு, தட்டிய பின் மெல்ல விட்டார். என் கோடு அவருடைய பல வளைவுகளில் ஒன்றைத்தான் பிடித்திருந்தது.

அந்தப் பேச்சு என் அமைப்பை மாற்றிவிட்டது. எல்எஃப்ஓவைச் சுருதியிலிருந்து கழற்றினேன். மோனோலாக்கின் இடதுபுறத்தில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. விரலை எடுத்தால் நடுநிலைக்குத் தானே திரும்பிவிடும். உடுக்கையின் சரடும் அழுத்தத்தை விட்டால் பழைய நிலைக்கே திரும்புகிறது என்பதால் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான உறுப்பு அந்தக் கருவியில் வேறில்லை. அதன் எல்லையை மூன்று அரைச்சுரங்களுக்குள் சுருக்கி, இடது கையை ஸ்லைடரிலும் வலது கையை ஒரே ஒரு விசையிலும் வைத்து வாசிக்கத் தொடங்கினேன். எந்தக் கை எதைச் செய்கிறது என்ற பங்கீடு உடுக்கையில் உள்ளபடியே அமைந்துவிட்டது. அத்துடன், விசையை அழுத்தும் வேகம் அளவை மட்டுமின்றிக் கட்-ஆஃபையும் மாற்றும்படி மெனுவில் அமைத்தேன். ஓங்கித் தட்டினால் தோல் சத்தமாக ஒலிப்பதோடு பிரகாசமாகவும் ஒலிக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒலியைச் சற்றுச் சிதைக்கும் டிரைவ் குமிழைச் சிறிது ஏற்றியதில் ஓங்கிய தட்டுகளுக்கு மட்டும் ஒரு கரகரப்பு சேர்ந்தது. மெல்லிய தட்டுகள் பாதிக்கப்படவில்லை.

விடுவிக்கப்பட்ட எல்எஃப்ஓவும் வீணாகவில்லை. பெரியப்பாவின் உடுக்கையில் ஒரு முகத்தின் குறுக்கே மெல்லிய நரம்பு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் அது தோலில் உராய்ந்து ஒரு சிறு அதிர்வைச் சேர்க்கும். இரண்டாம் ஆஸிலேட்டரை நாய்ஸுக்கு மாற்றினால் அந்த உராய்வு கிடைக்கும், ஆனால் 1.59 விகிதம் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் இந்தக் கருவி தரும். அதற்கு மாற்றாக, எல்எஃப்ஓவை வேக நிலையில் வைத்து, காதுக்கு ஓசையாகக் கேட்கும் வேகம்வரை ஏற்றி, கட்-ஆஃபை மிகச் சிறிய அளவில் நடுங்கச் செய்தேன். அது நரம்பின் உராய்வை முழுமையாகத் தரவில்லை என்றாலும், தட்டின் விளிம்பில் ஒரு சொரசொரப்பைத் தருகிறது. அடுத்த முறை கேட்டபோது பெரியப்பா தலையசைத்தார். நடையைச் சரிசெய்யச் சொல்லி, ஓசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முகவீணையில் சிக்கல் வேறு வகையானது. நாகஸ்வரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிட மிகச் சிறிய இந்தச் சீவாளிக் கருவி, தெருக்கூத்தில் பாடுபவரின் குரலுக்கு மேலே நின்று பின்தொடரும். கூம்பு வடிவக் குழலும் இரட்டைச் சீவாளியும் கொண்ட கருவிகளில் எல்லா மேலோசைகளும் உண்டு. மேலே செல்லச் செல்ல அவை வலுவிழப்பதும் குறைவு. சதுர அலையில் ஒற்றைப்படை மேலோசைகளே உண்டு என்பதால் அது கிளாரினெட்டை நோக்கிப் போகும். ஆனால் அலையின் வடிவை மாற்றும் ஷேப் குமிழைத் திருப்பி, அதே சதுர அலையின் மேடான பகுதியை (துடிப்பை) ஒடுக்கினால் மேலோசைகள் எல்லாம் எழுந்து வருகின்றன. பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துடிப்பில் பத்தாவது, இருபதாவது என்று பத்தின் மடங்கான மேலோசைகள் மட்டுமே விடுபடும். மற்றவை அனைத்தும் இருக்கும். திரையில் அலை ஒரு மெல்லிய ஊசியாக மாறும்போது காதில் சீவாளி கேட்கத் தொடங்கும். கட்-ஆஃபை ஒரு மணி நிலையிலும் ரெசொனன்ஸை பதினொரு மணி நிலையிலும் வைத்ததில் மூக்கொலி கூடியது.

பாடங்கள் எல்லாம் இந்த இடத்தில் எல்எஃப்ஓவால் விநாடிக்கு ஐந்தாறு முறை சுருதியை அசைத்து விப்ரேட்டோ சேர்க்கச் சொல்கின்றன. முகவீணைக்கு அது ஒத்துவரவில்லை. கமகம் ஒரு சுரத்தைச் சுற்றி நிகழும் சமமான நடுக்கமன்று. எந்தச் சுரத்திலிருந்து வருகிறது, எந்தச் சுரத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் அகலமும் வேகமும் மாறும். இங்கேயும் ஸ்லைடரே கைகொடுத்தது. விசையை ஒரு சுரத்தில் அழுத்தியபடி, அடுத்த சுரத்தை ஸ்லைடரால் தொட்டுத் தொட்டுத் திரும்புவதை ஹார்மோனியத்தில் செய்ய இயலாது, சிந்தசைசரில் இயலும்; தமிழ் இசை வாசிப்போர் இந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க இது ஒன்றே போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுருதி சேர்ப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும், விசைப்பலகைக் கருவிகளின் சமப்பகுப்புச் சுருதியில் அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது. ஐந்து கட்டையில், அதாவது 196 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தில், இதைக் காதாலேயே சோதிக்கலாம். ஷட்ஜத்தின் ஐந்தாவது மேலோசை 980 ஹெர்ட்ஸ். சமப்பகுப்புக் காந்தாரமான 246.94-இன் நான்காவது மேலோசை 987.8 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது விநாடிக்கு ஏறக்குறைய எட்டு முறை துடிக்கிறது. காந்தாரத்தை 245 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் துடிப்பு அடங்கி இரண்டும் ஒன்றிவிடும். பஞ்சமத்தில் இந்தப் பிசகு 2 சென்ட் மட்டுமே. அதன் துடிப்பு ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மெதுவாக உருள்வதால் பலரும் கவனிப்பதில்லை. மோனோலாக்கில் மைக்ரோடியூனிங் வசதி இருப்பதால் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் நகர்த்திச் சேமிக்கலாம். சதுஸ்ருதி ரிஷபத்தை 4 சென்ட் ஏற்றி, அந்தர காந்தாரத்தை 14 இறக்கி, சுத்த மத்யமத்தை 2 இறக்கி, பஞ்சமத்தை 2 ஏற்றி, சதுஸ்ருதி தைவதத்தை 16-உம் காகலி நிஷாதத்தை 12-உம் இறக்கி வைத்துக்கொண்டேன். இரண்டாம் ஆஸிலேட்டரைத் தனியே பிரித்துச் சுருதியாக நிறுத்த முடியாததால், ஷட்ஜ பஞ்சமத்தை முன்பே பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டு அதன்மேல் வாசிக்கிறேன்.

கோடையில் சுருதி நகரும் என்ற அச்சம் அனலாக் கருவிகளைப் பற்றி எப்போதும் உண்டு. அதற்குக் காரணம் டிரான்சிஸ்டரின் இயல்பு. மின்னழுத்தத்தை ஸ்தாயிக் கணக்குக்கு மாற்றும் சுற்றில், அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் ஓர் ஸ்தாயி ஆகும். அந்த அளவு ஒரு டிகிரிக்கு 0.33 விழுக்காடு வீதம் மாறுகிறது. ஈடுகட்டும் அமைப்பு இல்லாவிட்டால் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒரு ஸ்தாயியில் 4 சென்ட் பிசகும். கருவி வடிவமைப்பவர்கள் இதை ஈடுகட்டுகிறார்கள் என்றாலும், தருமபுரியின் ஏப்ரல் மாதப் பகலில் கருவியைச் சன்னல் வெயிலில் வைக்காமல், இயக்கியபின் சிறிது நேரம் சூடேற விட்டுச் சுருதி பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சேகண்டி விரைவில் முடிந்தது. வெண்கல வட்டின் ஓசைக்கு ரிங் மாடுலேஷன் நேரடியான வழி. இரண்டு ஆஸிலேட்டர்களைப் பெருக்கும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் வெளிவருகின்றன. 440-உம் 300-உம் ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 740-உம் 140-உம் வெளியே வரும். இரண்டு சுருதிகளுக்கும் எளிய விகிதம் அமையாதபடி வைத்தால் உலோகம் கேட்கும். டிகேயை நீளமாக்கி, என்வலப்பைக் கட்-ஆஃபுக்கு அனுப்பினேன். தட்டியவுடன் இருக்கும் பளபளப்பு முதலில் தேய்ந்து, அடியோசை மட்டும் நீண்டு நிற்பது அப்போதுதான் வருகிறது.

இப்போது பம்பையில் இருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு உருளை முழவுகளைக் குச்சியால் வாசிக்கும் அந்தக் கருவியை ஒற்றைக்குரல் சிந்தசைசர் ஒரே வாசிப்பில் தராது. இரண்டாவது தட்டு விழுந்ததும் முதலாவதன் கார்வை அறுந்துவிடும். ஆகவே இரண்டு முழவுகளையும் தனித்தனி நிரல்களாகச் சேமித்து, தாழ்ந்த முழவை முதலில் வாசித்துப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே மேல் முழவைத் தனித்தடத்தில் ஏற்றுகிறேன். உடுக்கைக்கு அமைத்த 806 சென்ட் விகிதமே இரண்டுக்கும் அடிப்படை. குச்சியின் அடி விரலைவிடக் கடினமானது என்பதால் கட்-ஆஃபை உயர்த்தி, டிகேயைக் குறைத்திருக்கிறேன். ஸ்லைடருக்கு இங்கே வேலை இல்லை. அதற்குப் பதிலாக விசையின் வேகம் கட்-ஆஃபை முழு அளவில் ஆளும்படி வைத்ததில், குச்சி தோலின் நடுவில் விழுவதும் விளிம்பில் விழுவதும் ஓரளவு பிரிந்து கேட்கத் தொடங்கியுள்ளன. மேல் முழவின் சுருதி இன்னும் சற்றுத் தாழ்வாக இருக்கிறது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதை ஓர் அரைச்சுரம் ஏற்றி, அடுத்த பதிவுக்கு வைத்திருக்கிறேன்.